மாதிரிக் கையொப்பம்

வங்கியில் கணக்குத் தொடங்கும் ஒவ்வொருவரும் முதல் நாளன்று ஒரு சிறிய கட்டத்துக்குள் தம் பெயரை எழுதிக் காட்டுகிறார்கள். மாதிரிக் கையொப்பம் என்று அதற்குப் பெயர். அன்று முதல், அந்தக் கணக்கைப் பொறுத்தவரை அவர் யார் என்பதை அந்தக் கட்டமே சொல்லும். இருபத்து மூன்று ஆண்டுகளாக வங்கிப் பணியில் இருக்கும் நான், காசோலைகளில் உள்ள கையொப்பங்களை அந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை அன்றாட வேலையாகச் செய்து வந்திருக்கிறேன். எப்படி ஒப்பிடுவது என்பதைப் பயிற்சிக் காலத்தில் கற்றேன். ஒப்பிடும்போது எதைக் காணத் தவறுகிறோம் என்பதை, ஓய்வுபெற்ற என் தமிழாசிரியையின் கடிதங்களிலிருந்து சென்ற ஆண்டுதான் கற்றேன். அந்த அனுபவத்தை வாடிக்கையாளர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பனிக்காலமும் பணிக்காலமும்

நான் பிறந்து வளர்ந்தது தில்லியில். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடங்கள் ஆங்கிலம் என்று வளர்ந்த எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குத் தமிழைப் பேச வரும், எழுத வராது. தமிழ்ப் பள்ளியொன்றில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியை, எட்டாம் வகுப்பில் கடிதம் எழுதுவதைத் தனிப் பாடமாகவே நடத்தினார். முகவரியை முழுமையாக எழுதாத கடிதத்துக்கு மதிப்பெண் கிடையாது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணில் முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதங்களைப் பிரித்தனுப்பும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் குறிக்கும் என்பதை அவரிடம்தான் அறிந்தோம்.

வணிகவியல் பட்டம் பெற்று, 2002-இல் வங்கி அதிகாரியாகி, போபாலில் பணியில் சேர்ந்தேன். 2004-இல் ஆசிரியை ஓய்வுபெறுகிறார் என்ற செய்தி வந்தது. வாழ்த்துக் கடிதத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தோன்றிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் தமிழில் எழுதிய முதல் கடிதம் அது. பத்து நாள் கழித்து அதே கடிதம் எனக்கே திரும்பி வந்தது, சிவப்பு மையால் திருத்தப்பட்டு.

‘உங்கள் பனிக்காலம் இனிதே நிறைவுற்றது’ என்று நான் எழுதியிருந்தேன். ஓரத்தில் அவர் குறித்திருந்தார்: ‘தில்லியின் பனிக்காலம் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. இப்போது முடிந்தது என் பணிக்காலம்.’ ‘உங்களைப் பிரிந்த மாணவர்களின் மணம் வருந்தும்’ என்ற வரிக்கு அருகில்: ‘மணம் வருந்தாது, வீசும். வருந்துவது மனம்.’ இறுதியில் வட்டமிட்டு, 10-க்கு 6. அதன் கீழே ஒரு வரி: ‘அன்பு மாணவிக்கு ஆசிகள். அடுத்த கடிதத்தில் 7 வாங்கு.’

அந்த ஏழு மதிப்பெண்ணுக்காகத் தொடங்கிய கடிதப் போக்குவரத்து இன்றுவரை நிற்கவில்லை. அவருக்குத் தொலைபேசியில் காது சரியாகக் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணம். என் பணியிட மாற்றங்களை அவர் எண்களாலேயே கணக்கு வைத்திருந்தார். போபாலின் 462 விசாகப்பட்டினத்தின் 530 ஆயிற்று. பிறகு கொல்கத்தாவின் 700. இப்போது நாக்பூரின் 440. ‘உன் எண் மாறிவிட்டது, உன் றகரம் மாறவில்லை’ என்று ஒருமுறை எழுதினார்.

நான் அவரிடம் தமிழ் கற்றேன் என்றால், அவர் என்னிடம் வங்கி விவரங்களைக் கேட்டறிந்தார். கணவர் மறைந்த பின், தம் வைப்புத்தொகைகளில் அவர் பெயரே ‘நாமினி’ என்று இருப்பதைக் கண்டு எழுதினார். பெயரை மாற்றிக்கொள்ளும் முறையை விளக்கினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: ‘நியமிக்கப்பட்டவரே அந்தப் பணத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவாரா?’ ஆகமாட்டார், வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் தகுதி அவருக்கு உண்டு, சட்டப்படியான வாரிசுகளின் உரிமை அதனால் அழியாது என்று எழுதினேன். ‘உங்கள் வங்கிப் படிவங்களில் இவ்வளவு தெளிவாக எழுதினால் என்ன?’ என்று கேட்டு, அந்தக் கடிதத்துக்கு 9 மதிப்பெண் கொடுத்தார். இதுவரை நான் வாங்கியவற்றுள் அதுவே உயர்ந்தது.

வேறொரு கையெழுத்து

2023-க்குப் பிறகு அவருடைய கடிதங்கள் சுருங்கின. இரண்டரை ரூபாய் இன்லண்டு கடிதம் நிறைய எழுதியவர், ஐம்பது காசு அஞ்சலட்டைக்கு மாறினார். முதுமையில் சொல்வதற்குச் செய்தி குறைந்துவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டேன். வேலைப் பளுவில் அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

2025 ஜூலையில் ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. அனுப்புநர் முகவரி ஆசிரியையுடையது, கையெழுத்து அவருடையதன்று.

‘அன்பு மாணவிக்கு ஆசிகள். இதை எழுதுவது எதிர்வீட்டுக் குழந்தை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டுவதற்காக நான் கொடுத்த காசோலை திரும்பி வந்துவிட்டது. கையொப்பம் வேறுபடுகிறது என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். நேரில் போனேன். கணினித் திரையில் என் பழைய கையொப்பத்தைக் காட்டி, இதைப் போலப் போடுங்கள் அம்மா என்றார் அங்கிருந்த தம்பி. ஐந்து முறை போட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் கடமையைத்தான் செய்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்தியவள் நான். நாற்பத்து மூன்று வயதில் நான் போட்ட கையொப்பத்தை எண்பத்தொரு வயதில் என்னால் பார்த்து எழுத முடியவில்லை. நீ அதிகாரி, நீயே சொல். என் பணத்தை எடுக்க நான் இனி யாராக வேண்டும்?’

அவர் கணக்கு வேறொரு வங்கியில் இருக்கிறது. 1987-இல் அட்டையில் போட்ட கையொப்பம், பின்னாளில் கணினிக்குள் படமாக ஏற்றப்பட்டு அப்படியே இருந்திருக்கிறது. அந்த அலுவலரின் நிலை எனக்குப் புரிந்தது. பொய்க் கையொப்பமிட்ட காசோலைக்குப் பணம் கொடுத்துவிட்டால், அந்தத் தொகையை வாடிக்கையாளர் கணக்கில் பற்று வைக்க வங்கிக்கு உரிமை இல்லை. ஆகவே கையொப்பத்தைக் கண்டிப்புடன் பார்ப்பது முதலில் வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காகவே.

அன்றிரவே பதில் எழுதினேன். கையொப்பமிட இயலாத அளவுக்கு முதுமையோ நோயோ உற்றவர் பெருவிரல் ரேகை பதித்துப் பணம் எடுக்கலாம். வங்கிக்கு அறிமுகமான, சார்பற்ற இருவர் அதற்குச் சாட்சியாக இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். விரல் ரேகையும் பதிக்க இயலாதவர் ஏதேனும் ஓர் அடையாளக் குறி இட்டாலும் அதே முறையில் ஏற்கப்படும். நான்கு விதிகளையும் எண்ணிட்டு எழுதி அனுப்பினேன். உதவிவிட்டதாகவே நினைத்தேன்.

ஐந்து வாரங்கள் பதில் வரவில்லை.

தரையில் விரித்த கடிதங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்த்து வைத்திருந்த கடிதங்களையெல்லாம் எடுத்து ஆண்டு வரிசையில் தரையில் விரித்தேன். தனித்தனியாகப் படித்தபோது தெரியாதது அப்போது தெரிந்தது. 2004-இல் மூன்று சுழி ணகரத்தின் ஒவ்வொரு சுழியும் தனியாக எண்ணத்தக்கதாய் இருந்தது. 2015-இல் சுழிகள் ஒன்றையொன்று தொட்டன. 2021-இல் ழகரத்தின் கால் நடுங்கியது. 2024-இல் எழுத்துகள் சிறுத்து, வரி கீழ்நோக்கிச் சரிந்தது. அவர் அஞ்சலட்டைக்கு மாறியது செய்தி குறைந்ததால் அன்று. அரைப் பக்கத்துக்குமேல் கை இடங்கொடாததால்தான். கையொப்பங்களைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான், இருபத்தோர் ஆண்டுகள் அந்தக் கை என் கண்முன்னே தளர்ந்து வந்ததைப் பார்க்கவில்லை.

அதோடு இன்னொருவரும் நினைவுக்கு வந்தார். அதற்கு முந்தைய மே மாதத்தில், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்திருந்தார். காசோலையில் கையொப்பம் பொருந்தவில்லை. நான்கு முறை போடச் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ‘மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு வாருங்கள்’ என்றேன். அவர் காசோலையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் சென்றார். பெருவிரல் ரேகை முறையை அன்று அவருக்கு நான் சொல்லவில்லை. புதிய மாதிரிக் கையொப்பம் கொடுக்கலாம் என்றும் சொல்லவில்லை. இரண்டும் எனக்குத் தெரியாதவை அல்ல.

மறுநாள் அவருடைய கணக்கு விவரத்திலிருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி மன்னிப்புக் கேட்டேன். மனைவியுடன் வந்தார், அடையாள ஆவணங்களைச் சரிபார்த்துப் புதிய மாதிரிக் கையொப்பம் பெற்றுக்கொண்டோம். வேலை முடியப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. ‘பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அதை அன்று அத்தனை பேர் முன்னால் சொல்ல விருப்பமில்லை’ என்று போகும்போது அவர் மனைவி சொன்னார்.

அன்று மாலை ஆசிரியைக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். விதிகள் எவற்றையும் எழுதவில்லை. தரையில் விரித்த கடிதங்களைப் பற்றியும், அந்தப் பெரியவரைப் பற்றியும் எழுதினேன்.

பதில் வந்தது. அவருடைய கையெழுத்திலேயே, ஒரு பக்கம். எழுதி முடிக்க மூன்று நாள் ஆனதாகக் குறித்திருந்தார்.

‘நீ முன்பு எழுதிய நான்கு விதிகளும் சரி. பிழை ஒன்றும் இல்லை. அதனால்தான் பதில் எழுதத் தோன்றவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கிய காலத்தில், கரோல் பாக்கில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு இரவு ஏழு மணிக்கு வீட்டுவேலை செய்யும் பெண்கள் சிலர் வருவார்கள். பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தேன். பெருவிரலை நீட்டுவது அவமானம், பெயரை எழுதுங்கள் என்று அவர்களுக்குச் சொன்னவள் நான். முதன்முதலாகக் கையொப்பமிட்டுப் பணம் வாங்கிய அன்று ஒருத்தி எனக்கு மல்லிகைப் பூ வாங்கி வந்தாள். இன்று அதே விரலை நீட்டு என்று என் மாணவி எனக்கு எழுதுகிறாள். விதி சரிதான். எனக்குக் கொஞ்சம் காலம் கொடு.’

கடிதத்தோடு இரட்டைக் கோடு நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று இருந்தது. அதில் இருபது கையொப்பங்கள். ‘இவற்றுள் எவை ஒன்றுபோல் இருக்கின்றன என்று பார்த்துத் திருத்தி அனுப்பு. சிவப்பு மையால் திருத்து.’

இருபதுக்குப் பதினொன்று

அவருடைய பழைய கையொப்பம் ஆங்கிலத்தில், பேனாவை எடுக்காமல் ஒரே ஓட்டமாகப் போடப்பட்டது. நடுங்கும் கைக்கு அந்த ஓட்டம் கடினம்; ஓரிடத்தில் தடுமாறினால் முழுக் கையொப்பமும் குலைந்துவிடும். ஆகவே அவர் தமிழுக்கு மாறியிருந்தார். தமிழில் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக எழுதுகிறோம். ஓரெழுத்து முடிந்ததும் பேனாவை எடுத்து, கையைச் சற்று நிறுத்தி, அடுத்த எழுத்தைத் தொடங்கலாம். வங்கிக் கணக்கில் தமிழில் கையொப்பமிடத் தடையேதும் இல்லை. இந்த வழியை அவரே கண்டுபிடித்திருந்தார்.

ஆசிரியையின் எழுத்தின்மீது சிவப்பு மையை வைக்க எனக்கு இரண்டு நாள் துணிவு வரவில்லை. பிறகு, காசோலையைப் பார்க்கும் அதே கண்ணால் பார்த்தேன். எழுத்துகளின் அழகை நாங்கள் பார்ப்பதில்லை. பேனா எங்கே தொடங்குகிறது, எங்கே எடுக்கப்படுகிறது, எழுத்துகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, சாய்வு எந்தப் பக்கம், இறுதிக் கோடு எங்கே நிற்கிறது என்பவற்றையே பார்க்கிறோம். நடுக்கம் இருக்கலாம்; அந்த நடுக்கத்துக்குள் இவை மாறாமல் இருந்தால் போதும். ‘இருபதுக்குப் பதினொன்று. தலைப்பெழுத்தை விட்டுவிடுங்கள் டீச்சர். அதில்தான் கை தடுமாறுகிறது’ என்று குறித்து அனுப்பினேன். அடுத்த தாளில் பதினான்கு. அக்டோபரில் வந்த தாளில் இருபதுக்குப் பதினேழு.

நவம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு தில்லி சென்றேன். மயூர் விகாரில் உள்ள அவர் வீட்டிலிருந்து இருவரும் வங்கிக்குப் போனோம். கடிதத்தில் ‘தம்பி’ என்று அவர் குறிப்பிட்ட அலுவலர் எழுந்து வந்து நாற்காலி போட்டார். ஆசிரியை அவசரப்படாமல் மூன்று இடத்தில் கையொப்பமிட்டார். மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர்வரை நியமனதாரர்களாகக் குறிப்பிடலாம் என்பதால், தம் தங்கையின் இரு பெண்களுக்கும் பாதிப் பாதியாகக் குறித்தார். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்வுச் சான்றைக் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே முடித்துக் கொடுத்தார்கள். ‘நான் உயிரோடு இருப்பதை முகம் சொன்னால் போதுமாம். நான் நான்தான் என்பதை மட்டும் கை சொல்ல வேண்டுமாம்’ என்று அவர் சொன்னதும் அந்த இளைஞர் சிரித்துவிட்டார்.

புறப்படும்போது ஆசிரியை அவரிடம் கேட்டார்: ‘தம்பி, இந்தக் கையும் ஒருநாள் எழுத மறுத்தால் பெருவிரல் வைக்கிறேன். அதற்கு யார் யார் சாட்சி வர வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுங்கள்.’ வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: ‘அந்தப் பெண்களுக்கு நான் பாதிதான் சரியாகச் சொல்லிக்கொடுத்தேன். எழுதப் பழகுங்கள் என்றது சரி. விரலை நீட்டுவது அவமானம் என்றேனே, அது பிழை. அவர்கள் விரலும் அவர்கள்தானே.’

உங்களுக்குச் சில சொற்கள்

இதைப் படிக்கும் மூத்த வாடிக்கையாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் மாதிரிக் கையொப்பம் எந்த ஆண்டு போட்டது என்று எண்ணிப் பாருங்கள். கை மாறியிருந்தால், காசோலை திரும்பும்வரை காத்திராமல், அடையாள ஆவணங்களுடன் கிளைக்கு வந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள். எளிதாகத் திரும்பப் போடக்கூடிய கையொப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். தாய்மொழியில் போடுவதானால் அதைக் கிளையில் தெரிவித்துவிடுங்கள். எழுபது வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. அதைக் கேட்கத் தயங்காதீர்கள். கையொப்பமிட இயலாதவருக்குப் பெருவிரல் ரேகை முறையும் உண்டு.

இளைய வாசகர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெற்றோரோ ஆசிரியரோ அண்மையில் எழுதிய ஒரு தாளை எடுத்து, பத்தாண்டுக்கு முன் எழுதியதன் அருகில் வைத்துப் பாருங்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாதது அங்கே எழுதியிருக்கக் கூடும்.

சனவரியில் அஞ்சலட்டை ஒன்று வந்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றும், இப்போது கண் நன்றாகத் தெரிவதால் என் சென்ற கடிதத்தில் இரண்டு ஒற்றுப்பிழைகள் அகப்பட்டன என்றும் எழுதியிருந்தார். அதன்பின் இப்படி இருந்தது: ‘தில்லியில் கடுங்குளிர். என் பனிக்காலமும் தொடங்கிவிட்டது. இது எழுத்துப்பிழை அன்று.’

கீழே தமிழில் கையொப்பம். தொழிற்பழக்கம் விடவில்லை; நோட்டுத் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். பொருந்தியது.